அண்ணன் கணினியில் படிக்காத கடிதங்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். திருப்பதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்பதுதான் என் கட்சி. நீங்கள் நம்பாவிட்டாலும் போகட்டும், கேளுங்கள்.

சித்தூரில் என் அண்ணன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். பழைய ஆர்கன்களைப் பற்றி எங்கெங்கோ இருப்பவர்கள் கடிதம் போட்டுவைக்கும் நியூஸ்குரூப் ஒன்றில் வருஷக்கணக்காக இருந்தார். அதைப் படிக்கும் சாஃப்ட்வேர் ஆமையாக நகர்கிறது என்று அண்ணி கூப்பிட்டார், போனேன்.

படிக்காத கடிதம் தடித்த எழுத்தில் நிற்கும், திறந்தால் தானாக மெலிந்துவிடும். அண்ணன் அந்தத் 'தானாக'வை நிறுத்தி வைத்திருந்தார். கடைசி வரி வரை படித்த பிறகு தன் கையால்தான் குறிப்பார். படிக்காததைப் படித்தேன் என்பது பொய்ச்சாட்சியாம், பத்துக் கட்டளையில் இருக்கிறதாம். தடித்த கடிதங்கள் மூட்டையாகக் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிடட்டுமா என்றேன்.

"அவரு இன்னும் படிக்கலியே தம்பி. அப்டியே உடு," என்றார் அண்ணி.

சரி என்று பழைய குப்பையை மட்டும் சுருக்கினேன், வேகம் வந்துவிட்டது. இன்டர்நெட் ஒயரைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பட்டப்பகல், கண் மங்கியது என்றெல்லாம் சொல்லாதீர்கள். முதல் கடிதம் மெலிந்தது. கொஞ்சம் பொறுத்து அடுத்தது. கீபோர்டுப் பக்கம் ஆளே இல்லை. சின்னக் கடிதம் சீக்கிரம் மெலிந்தது, நீளமானதற்கு நேரம் எடுத்தது, யாரோ உட்கார்ந்து படிக்கிற வேகம். தட்டைத் தள்ளி வைத்தேன். பயத்தைவிட அழுகைதான் வந்தது.

"அடக்கம் முடிஞ்சும் டெய்லி இப்டித்தான் படிச்சிக்கினு இருந்தாரு," என்றார் அண்ணி. "இது மெதுவா ஆனப்புறம் நின்னுட்டாரு. அதான் உன்ன கூப்டேன்."

சாயங்காலம் எல்லாம் மெலிந்த பிறகு ஒன்று மட்டும் தடித்தே நின்றது. நான் போட்டது. அடக்கம் முடிந்த மறுநாள், அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று அந்த நண்பர்களுக்கு எழுதியது. திறந்து பார்க்கலாம் என்று மவுஸைத் தொட்டேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம் தம்பி. தெரிஞ்சிக்கினா போயிடுவாரு."

போன ஞாயிறும் ஆராதனை முடிந்து போய்ப் பார்த்தேன். புதிதாக வந்ததெல்லாம் மெலிந்திருந்தது. என் கடிதம் மட்டும் அப்படியே நிற்கிறது.