ஈரத்துண்டில் விழுந்த ஏழு தோட்டாக்கள்

பேட்டையில் துப்பாக்கி பழுதுபார்த்த ஞானையா வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர். 1913இல் கார் நெல் நடவுக்கு முன், பெரும்பண்ணை ஒன்றின் காரியஸ்தர் தில்லைநாயகம் பிள்ளை அவரிடம் ஒரு சீமைக் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தார். சுட்டால் காலித் தோட்டா சிலசமயம் நெற்றியில் வந்து அடிக்கிறது, பலசமயம் வெளியே வராமல் சிக்கிக்கொள்கிறது என்றார்.

“என்ன எண்ணெய்வே போட்டீரு?”

“வண்டி அச்சுக்குப் போடுத வெளக்கெண்ணெய்தான்.”

“வண்டியும் துப்பாக்கியும் ஒண்ணாவே?”

பிசினாகியிருந்த எண்ணெயை ஞானையா மண்ணெண்ணெயால் கழுவினார். காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கி தேய்ந்திருந்ததால், புதிதாக ஒன்றை அராவி மாட்டினார். பிறகு கொல்லையில் ஈரத்துண்டை விரித்து ஏழுமுறை சுட்டார். ஏழு காலித் தோட்டாக்களும் துண்டிலேயே விழுந்தன. அன்று முழுக்க அவரைப் பெருமை பிடித்து ஆட்டியது.

பன்னிரண்டாம் நாள், பண்ணை அடைத்துவைத்த வாய்க்கால் மடையைத் திறக்கப் போன மூன்று குடியானவர்களை யாரோ சுட்டுக் கொன்றார்கள். வரப்பில் கிடந்த மூன்று காலித் தோட்டாக்களை போலீஸ் ஏட்டு எடுத்துவந்து ஞானையாவிடம் காட்டினார். மூன்றின் விளிம்பிலும் ஞானையா அராவிய கொக்கியின் கீறல் இருந்தது.

“இந்தத் துப்பாக்கி உம்ம கைக்கு வந்துதாவே?”

“நான் தொடாம இருந்திருந்தா மொதக் குண்டோட சிக்கியிருக்கும், ஏட்டையா. மத்த ரெண்டு பேரும் ஓடித் தப்பியிருப்பாவ.”