பந்தை விட்டவனைப் பார்த்தவர்

“மாஸ்டர், உங்கடை மச்சானெண்டால் எங்கை நிப்பாட்டுவியள்?”

டூட்டிங்கில், மரியநாயகம் வீட்டுக் குசினியில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. சென்ற செவ்வாய் காலை அவருடைய மனைவியின் தம்பி ரெஜி தொலைபேசியில், “மாஸ்டர், அத்தான் மோசம் போயிட்டார்” என்றபோது, முதலில் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

உங்களில் பலருக்கு நாயகத்தைக் கவுன்சிலின் வீட்டு வசதிப் பிரிவில் வேலை செய்தவராகத் தெரியும். ஸ்ட்ரெதம் பங்குக் கோவில் திருநாளில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கதிரை அடுக்கியவராகவும் தெரியும். எண்பதுகளின் கடைசியில் அவர் ஓர் ஐரிஷ் ஹேர்லிங் அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்தவர் என்பது சிலருக்கே தெரியும். பூசை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் டேர்மட் என்ற தச்சர் அவருக்குப் பழக்கமானார். அணியை நடத்தியவர் டேர்மட். மன்னாரில் ஹொக்கி ஆடிய நாயகத்தின் கையில் அவர் ஒரு தடியைக் கொடுத்துப் பார்த்தார். நாயகத்துக்கு அப்போதே ஓடுகிற வயது தாண்டியிருந்தது. ஆனால் கண் ஓடியது. ரெஜியை ஆடவும், நாயகத்தை ஆட்களைத் தெரிவு செய்யவும் டேர்மட் சேர்த்துக்கொண்டார். நானோ பக்கத்துத் தெருக் கணித ஆசிரியன், சைவக்காரன், ஞாயிறு காலையில் போக இடமில்லாதவன். என்னையும் மைதானத்துக்கு இழுத்துப் போனார் நாயகம்.

விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுனி அகன்ற ஒரு மரத்தடி, கையில் அடங்கும் கடினமான பந்து, பக்கத்துக்குப் பதினைந்து பேர். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பந்து போனால் கோல், அது மூன்று புள்ளி. மேலே போனால் ஒன்று. முன்னணியில் ஆறு பேர், இரண்டு வரிசை. ஒரு வரிசை கோலுக்குக் கிட்ட நிற்கும். மற்றது சற்றுத் தள்ளி, எதிரணி அடித்து வெளியேற்றும் பந்துகள் வந்து விழும் இடத்தில் நிற்கும். கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் கறி வைப்பவரைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். சமைக்கிற கிடாரத்தடியிலிருந்து வாளியைச் சுமந்து வருகிறவர் இல்லாவிட்டால் அவர் எதை வைப்பார்?

ரெஜி கறி வைப்பவன். உயரமானவன், அடித்தால் பந்து காற்றைக் கிழிக்கும். கோலுக்கு நேர் முன்னே நின்று கைதட்டு வாங்குவான். பெற்றோலடிக்கும் நிலையத்தில் இரவு ஷிப்ட், நாயகம் வீட்டு மாடியில் ஒற்றை அறை, ஊரிலிருந்து எப்போதாவது வரும் செய்தி. அந்த நாட்களில் அவன் விருப்பத்தோடு எழும்பியது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அவனைத்தான் முன்னணியில் தள்ளி நிற்கும் வரிசையின் நடுவுக்கு மாற்ற வேண்டும் என்றார் நாயகம். அரையிறுதி ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. இடத்தை மாற்றினால் ஆட்டத்தையும் விடுவேன், வீட்டையும் விடுவேன் என்று ரெஜி சொல்லிவிட்டான்.

அன்று குசினி மேசையில் ஆறு தேசிக்காய்களை இரண்டு வரிசையாக வைத்திருந்தார் நாயகம். அவர் மனைவி பிலோமினா வந்து ஒன்றை எடுத்தார்.

“ஐயோ, அதை எடுக்காதை. அது ரெஜி!”

“மீன் குழம்புக்குப் பிழிய வேணும்.”

“கெவினை எடு. அந்தக் கரையிலை கிடக்கிறது.”

“அது காய்ஞ்சு போய்க் கிடக்கு. நீங்கள் என்ரை தம்பியை இருந்த இடத்திலை விடுங்கோ, நானும் இதை இருந்த இடத்திலை விடுறன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மாஸ்டர், அவன் வீட்டுப் படலையைத் தாண்டினானெண்டால் இவற்றை தடியளும் பின்னாலை போகும். சொல்லிப் போட்டன்.”

அப்போதுதான் நாயகம் அந்தக் கேள்வியைக் கேட்டார். “கோலுக்கு முன்னாலைதான். வீட்டிலை சோறு வேணுமே!” என்றேன். பிலோமினா சிரித்தார். நாயகம் சிரிக்கவில்லை.

“அடிக்கிறதை எல்லாரும் பாக்கினம், மாஸ்டர். பந்து பறிபோன பிறகு ஒருத்தன் என்ன செய்யிறான் எண்டு நான் பாக்கிறன். எங்கடை ஆக்களிலை உடனை திரும்பி ஓடுறவன் ரெஜி ஒருத்தன்தான். அவனைக் கோலடியிலை வைச்சால் அந்த ஓட்டம் வீண்.”

“இதை அவனிட்டைச் சொல்லலாமே?”

“சொன்னால் அத்தான் சமாளிக்கிறார் எண்டுவான். அவனே பாக்கட்டும்.”

மறுநாள் பயிற்சி ஆட்டத்தில் ரெஜியை வெளியே என்னோடு நிற்கச் சொன்னார். “பந்தைப் பாக்காதை. நடுவிலை நிக்கிறவனை மட்டும் பார்” என்றார். ரெஜி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். நடுவில் நின்ற இளைஞன் நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் பந்து கைவிட்டுப் போனதும் வானத்தைப் பார்ப்பான், நடுவரைப் பார்ப்பான், சப்பாத்தைப் பார்ப்பான்.

“என்ன மாஸ்டர் இவன், இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு நிக்கிறான்?” என்றான் ரெஜி. பந்து இன்னொரு முறை பறிபோனது. “ஓடு மடையா, ஓடு!” என்று தமிழிலேயே கத்தினான். பிறகு மெல்லச் சொன்னான்: “அத்தான், என்னை உள்ளுக்கு விடுங்கோ.”

“எங்கை?”

“அங்கைதான். நடுவிலை.”

அரையிறுதியில் ஒரு புள்ளியால் தோற்றோம். எங்கள் கோல்களை அடித்தவர் கெவின். நாற்பதை நெருங்கிய, வழுக்கை விழுந்த பேக்கரிக்காரர். பத்து நிமிடம் பந்து வராவிட்டாலும் சலிக்காமல் நிற்பார் என்பதற்காகவே நாயகம் அவரைக் கோலுக்கு முன்னே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் பிலோமினா கேட்டார்: “என்ரை தம்பி எத்தினை கோல் போட்டவன்?”

“எல்லாம் அவன்தான் போட்டவன். அடிச்சது மட்டும் கெவின்” என்றார் நாயகம். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ரெஜி தலை நிமிரவில்லை. ஆனால் அன்று இன்னொரு முறை சோறு கேட்டு வாங்கினான். வீட்டை விடும் கதையை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போகும்வரை அவன் அந்த மாடி அறையில்தான் இருந்தான்.

தொண்ணூறுகளில் என் மனைவி காலமானபோது முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். பிறகு எல்லோருக்கும் வேலை இருந்தது. எனக்கு அதில் குறையில்லை. மூன்றாம் மாதத்தில், மழை பெய்த ஒரு மாலை, நாயகம் ஒரு பை ரோல்ஸோடு வந்து நின்றார். “சும்மா வந்தனான்” என்றார். ஹீட்டரைப் போட்டார், தேநீர் ஊற்றினார், மனைவியைப் பற்றி என்னைப் பேச வைத்தார். அதற்குப் பிறகும் பல மாலைகளில் சும்மா வந்தார்.

இறுதிப் பூசைக்கு நான் போனபோது ரெஜியின் தலை முழுக்க நரைத்திருந்தது. முன்வரிசையில் அவனுக்கு இடம் இருந்தது. அவனோ வாசலில் நின்று, பிந்தி வந்தவர்களுக்குக் கதிரை தூக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், “மாஸ்டர், முன்னுக்கு வாங்கோ. அக்காவுக்குப் பக்கத்திலை இருங்கோ. அவ உங்களோடைதான் கதைப்பா” என்றான். என்னை எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் போய் இருந்தேன். பிலோமினா தேசிக்காய்க் கதையைத் தொடங்கி, பாதியில் அழுதார்.

நாயகத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் பார்த்த பார்வையை. அது இன்னும் எனக்கு முழுதாகக் கைவரவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள். அடுத்த முறை ஏதாவது ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது, கொஞ்ச நேரம் பந்தை விட்டுவிட்டு, அதைப் பறிகொடுத்தவரைப் பாருங்கள்.