அருந்ததியைப் பார்த்தவர்

என் கல்யாணத்தில் காலை ஒன்பதரை மணிக்கு அருந்ததி பார்த்தேன். ஐயர் பந்தலுக்கு வெளியே விரலை நீட்டி, "தெரியறதா?" என்றார். கொளுத்தும் வெயில். "தெரியுது" என்றேன். பக்கத்தில் மாப்பிள்ளையாக நின்றவரும் "தெரியுது" என்றார். தெரியவில்லை என்று சொன்ன பெண்ணை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. சொல்லியிருந்தால் பந்தியில் சாம்பார் ஆறியிருக்கும், வேறென்ன.

அந்தக் கதையே எனக்குப் பிடிக்காது. வடக்கு வானத்தில் ஏழு நட்சத்திரமாக நிற்கும் ஏழு ரிஷிகளுக்கு ஏழு மனைவிகள். ஆறு பேரை அக்கினியோடு சேர்த்துச் சந்தேகப்பட்டு விரட்டிவிட்டார்களாம். அவர்கள் கார்த்திகைக் கூட்டமாகத் தனியே நிற்கிறார்கள். வசிஷ்டர் மனைவி அருந்ததி மட்டும் புருஷனை ஒட்டி மங்கலாக மினுங்குகிறாள். பெண்டாட்டியை நம்பாத இந்தப் பெரிய மனுஷர்களைத்தான் கல்யாணத்துக்குக் கல்யாணம் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

என் வீட்டுக்காரருக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. அவர் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிக்குத் தண்டல். தோணியும் அதிலிருக்கும் ஏழு ஆட்களும் அவர் பொறுப்பு. கடலில் அந்த ஏழு நட்சத்திரத்துக்கும் கப்பல் வெள்ளி என்று பெயர். அதன் முன்பக்க இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தால் தண்ணீரை ஒட்டித் தாழத் துருவ நட்சத்திரம் நிற்கும், அதுதான் வடக்கு. ஜிபிஎஸ் செத்துப்போனால் கப்பல் வெள்ளிதான் கரை சேர்க்கும் என்பார்.

போன சித்திரையில் மகள் கல்யாணம். அன்று ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். மருமகன் குறும்புக்காரர். "ஐயர் காலையில பந்தல் துணியத்தான் காட்டுனாரு. நீங்க நிசமான அருந்ததியக் காட்டுங்க மாமா" என்றார்.

இவர் எழுந்து ஒரு கணம்கூடத் தயங்காமல் வடக்கே கையை நீட்டினார். "அங்கன பாருங்க, ஏழு பேரும் நிக்காவ. வால்ல நடு ஆளுதான் வசிஷ்டர். ஒட்டுனாப்புல அருந்ததி. நல்லாத் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வடக்கே வானம் முழுக்க மேகம், பேருக்கு ஒரு நட்சத்திரம் இல்லை. ஐயரைக் கேலி செய்கிறார் என்று நினைத்தோம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் முழித்துக்கொண்டு நின்றார். மாதத்தையும் மணியையும் வைத்து அவை எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். மேகம் மூடியிருப்பதுதான் தெரியவில்லை. பொழுது சாய்ந்தால் முதுகுவலி என்று சாக்குச் சொல்லி அவர் பைக் எடுக்காதது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

மற்றவர்கள் கீழே இறங்கியதும் கேட்டேன். "எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். பகல்ல ஒண்ணும் இல்ல. இருட்டுனாத்தான்."

"கடல்ல எப்பிடி?"

"ஜிபிஎஸ் பெட்டி வழி காட்டுது. கப்பல் வெள்ளி எங்கன நிக்குன்னு பயலுவள்ட்ட கேப்பேன். சொல்லுவானுவ. நானும் பாத்தேன்னு சொல்லிருவேன்."

துறைமுகத்துக்கு வெளியே மலை மலையாகக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும். அவற்றுக்கு நடுவே ரெண்டு வருஷமாக இருட்டில் கண் தெரியாமல் தோணி ஓட்டியிருக்கிறார். தோணியிலிருக்கும் ஏழு ஆட்களில் ஒருவன் என் கூடப்பிறந்த தம்பி. திங்கட்கிழமை சீசனின் கடைசி நடை.

"பாவி மனுசா, பொய் சொல்ல எப்பிடி மனசு வந்துச்சு?"

அவர் நிதானமாகச் சொன்னார். "ஏளா, நம்ம கல்யாணத்துல நீயும்தான் பாத்தேன்ன."

ஆத்திரம் வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. தோணி முதலாளி நம்பரை அழுத்தினேன். அவர் தடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தபோது காற்று திரும்பி மேகம் விலகியது. வடக்கே ஏழும் பளிச்சென்று நின்றன. என் கண்ணுக்கு அருந்ததிகூடத் தெரிந்தாள்.

"இப்பத் தெரியுதா?" என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "தெரியல" என்றார்.

போனில் முதலாளி, "சொல்லும்மா" என்றார்.

"அண்ணாச்சி, திங்கக்கெழமைக்கு வேற தண்டல் பாருங்க" என்றேன்.