தலைமறைவான ஏழாவது எதிரி

சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவரிடம் பிறந்த தேதி கேட்கிறார்கள், மதிப்பெண் கேட்கிறார்கள், சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் அம்சவேணியிடம் அத்தாட்சி இருந்தது. கடைசிப் பக்கத்துக் கேள்வியில்தான் அவள் நின்றுவிட்டாள். உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா, போராட்டம், மறியல் தொடர்பானவையும் சேர்த்து? பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். உண்மையை மறைத்தது எப்போது தெரியவந்தாலும் சேர்க்கை ரத்தாகும் என்று கீழே சிவப்பில் ஒரு வரி. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதை மட்டும் எந்த நிறத்திலும் போடவில்லை.

அம்சவேணி ஊட்டியில் வக்கீல் ஹெர்பர்ட்டிடம் டைப்பிஸ்ட். காந்தலில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதலாளி சொல்வதற்கெல்லாம் எதிர்வாதம் செய்தாள். சம்பளத்துக்கு எதிர்த்துப் பேசுகிறவள் ஃபீஸுக்கு எதிர்த்துப் பேசலாமே என்று அவரே விண்ணப்பத்தைத் திறந்து கொடுத்தார். வயது இருபத்தாறு. வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதை இந்த ஒரு சீட்டைக் காட்டித்தான் நிறுத்தி வைத்திருந்தாள்.

வீடு என்பது கூடலூர்ப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம். சிலோன் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் அங்கே வரிசை வீடுகளில் இருக்கின்றன. அம்மா மருதாயி குழந்தையாகக் கப்பலேறி வந்தவள். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது என்று சொல்லிக்கொள்வாள். பொய் சொல்லவும் தெரியும் என்பது பின்னால்தான் வெளிப்பட்டது.

ஆறு வருடங்களுக்கு முன், வேலைக்குப் போகும் குறுக்குப் பாதையில் விடியற்காலை இருட்டில் ஒரு பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. பாதைக்கு விளக்கு வேண்டும் என்று லயம் முழுவதும் ரோட்டில் உட்கார்ந்தது. உட்கார வைத்தவள் அம்சவேணி. அப்போது கல்லூரி மாணவி; கோயில் மைக்கை இரவல் வாங்கி வந்திருந்தாள். கேரளா போகும் பஸ்கள் வரிசையாக நின்றன. பத்து மணிக்குள் போலீஸ் எல்லோரையும் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டது.

மறியல் செய்தவர்களைக் கைது செய்து, மண்டபத்தில் வைத்து, மதியம் தக்காளி சாதம் போட்டு, சாயங்காலம் அனுப்பிவிடுவது நம் நாட்டு வழக்கம். பிடித்தவர்களுக்கும் பிடிபட்டவர்களுக்கும் இதில் பெரிய மனத்தாங்கல் இருப்பதில்லை. ஒரு கான்ஸ்டபிள் சாதப் பொட்டலம் கொடுத்தபடியே பெயர் எழுதிக்கொண்டு வந்தார். அம்சவேணி அந்த நேரம் மண்டபத்தின் மறுகோடியில் சாதம் பற்றவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். "அது யாரும்மா?" என்று கான்ஸ்டபிள் கேட்டார். "அது பேபிங்க," என்றாள் மருதாயி.

லயத்தில் எல்லோருக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று கூப்பிட, மற்றது அரசாங்கத்துக்கு. இதில் மருதாயி ஒருநாளும் தவறியதில்லை. ரேஷன் கடையில் அம்சவேணி, குழாயடியில் பேபி. அன்று தவறியதற்குக் காரணம், கையில் சாதப் பொட்டலம் கொடுத்த மனிதரை அரசாங்கம் என்று அவளுக்குத் தோன்றாததுதான். பன்னிரண்டு பெண்களின் பெயரோடு பக்கம் நிறைந்தது. கான்ஸ்டபிளும் நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். மூன்று மாதத்தில் விளக்கும் வந்தது. வழக்கு என்று ஒன்று பதிவானது அம்சவேணிக்குத் தெரியாது. அவள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டாள், அங்கிருந்து ஊட்டிக்கு. இப்போது விண்ணப்பத்தின் கேள்வியைப் பார்த்துப் பயந்து அம்மாவுக்குப் போன் செய்தாள். கேஸாவது ஒன்றாவது, பேசாமல் சாப்பிட்டுத் தூங்கு என்றாள் மருதாயி. அந்தப் பதில் கொஞ்சம் வேகமாக வந்ததால், பார்த்துச் சொல்லும்படி ஹெர்பர்ட்டிடம் கேட்டாள்.

கூடலூர் வக்கீல் ஒருவரிடம் விசாரித்துவிட்டு அவர் போனை வைத்தார்.

"கேஸ் இருக்கு. ஆனா அம்சவேணின்னு யாருமே இல்ல. மருதாயி இருக்காங்க, அன்னக்கிளி இருக்காங்க, இன்னும் யார் யாரோ. ஏழாவது எதிரி பேபின்னு ஒரு பொண்ணு. தலைமறைவு."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "நான்தாங்க சார் பேபி."

ஹெர்பர்ட் சிரித்துவிட்டார். "போலீஸ் தேடற ஆளை மூணு வருஷமா நான் சம்பளம் குடுத்து வெச்சிருக்கனா?" அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "சரி, பயப்படாத. அம்சவேணி மேல கேஸ் கிடையாது. இல்லைன்னு போடு. ஸ்டேஷன்ல கேட்டா அவங்களே எழுதிக் குடுப்பாங்க."

"இது வக்கீலாச் சொல்றீங்க. சர்ச் கமிட்டில இருக்கறவரா என்னங்க சார் சொல்வீங்க?"

"அதை ஞாயித்துக்கிழமை கேளு."

பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவர் போல மேஜையைத் தட்டினார். "ஒண்ணு தெரிஞ்சுக்க. பன்னெண்டு பேரும் ஒரே நாள்ல நின்னு ஒத்துக்கிட்டா சின்ன ஃபைனோட முடிஞ்சுபோற கேஸ் இது. ஏழாவது ஆள் வரலைங்கறதால அப்படியே கெடக்குது. மத்த பதினொரு பேரும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து நின்னுட்டுப் போறாங்களாம்."

அடுத்த பஸ்ஸில் அவள் கூடலூருக்குப் போனாள்.

மருதாயியும் பக்கத்து வீட்டு அன்னக்கிளியும் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்சவேணி பையைக்கூட இறக்கவில்லை.

"எத்தனை வருஷமா கோர்ட்டுக்குப் போறீங்க?"

"யாரு சொன்னா?" என்றாள் மருதாயி. "டவுனுக்குப் போறோம். டீ குடிக்கிறோம், வடை திங்கிறோம், வாறோம்."

"தோட்டத்துல சாயங்காலம் வரைக்கும் நிக்கணும் புள்ள," என்றாள் அன்னக்கிளி. "கோர்ட்டுல மத்தியானம் வரைக்கும்தான். நமக்கு லாபம்."

"அன்னிக்குச் சம்பளம்?"

"அது போவும். தோட்டத்துல லீவு போட்டா யாருக்குத்தான் போவாது?"

"என்னைத் தேடி யாரும் வரலையா?"

அன்னக்கிளி முறத்தை வைத்துவிட்டு உற்சாகமானாள். "வராம? சம்மன் தூக்கிக்கிட்டு ஒருத்தரு வந்தாரு. பேபி வீடு எதுன்னாரு. லயமே வாசல்ல வந்து நின்னு அப்படி யாருமே இல்லைன்னுட்டோம். குழாயடியில ஒரு கொடம் தண்ணிக்கு ஒத்துமை கெடையாது இந்த லயத்துல. அன்னிக்குப் பாக்கணும் நீ."

"நான் வந்து நின்னுடறேன். கேஸ் முடிஞ்சிடும்."

"முடிஞ்சா? உன் படிப்பு?" மருதாயியின் குரல் உயர்ந்தது. "நீ வக்கீலா வா. வந்து எங்க கேஸை நீயே முடி."

"நான் வராததாலதாம்மா கேஸே முடியல!"

"எனக்கு அதெல்லாம் வெளங்காது. அந்தப் போலீஸ்காரருகிட்ட பேபின்னு சொன்னது தெரியாமச் சொன்னது. தெரிஞ்சு ஒரு நல்லது உனக்கு நான் செஞ்சதில்ல. தெரியாமச் செஞ்சதையும் கெடுத்துடாத புள்ள."

எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் செய்கிற அம்சவேணி திரும்பும் பஸ்ஸைப் பிடித்தாள். ஊட்டிக்குத் திரும்பியும் விண்ணப்பம் அந்தப் பக்கத்திலேயே நின்றது. இல்லை என்று போட்டால் சீட் கிடைக்கும். அவள் சட்டம் படிக்கும் மூன்று வருடமும் பதினொரு பெண்கள் கூலியை விட்டுவிட்டு அவளுக்காக நிற்பார்கள். படித்து முடித்த பிறகும் லயத்தில் யாரோ ஒருவர் குழாயடிச் சண்டையில் வாய் திறந்தால் போதும். ஆம் என்று போட்டால் எடுத்த எடுப்பிலேயே கழித்துவிடக்கூடும்; அவளைப் போல விண்ணப்பித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் ரோட்டில் உட்காரவில்லை. மனுக்களில் பிழை பிழையாக அடித்தாள். ஹெர்பர்ட் திட்டாமல் தானே திருத்திக்கொண்டார்; அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

விண்ணப்பிக்கக் கடைசி தேதிக்கு முந்தின நாள் வாய்தா வந்தது. அவள் யாரிடமும் சொல்லாமல் கூடலூர் கோர்ட்டுக்குப் போனாள். நின்று, ஒத்துக்கொண்டு, ஃபைன் கட்டிவிட்டு, விண்ணப்பத்தில் ஆம் என்று போட்டு, கீழே வழக்கு முடிந்தது என்றும் எழுதிவிடுவது அவள் திட்டம். உண்மை பேச முடிவெடுத்தவர்களுக்கு வரும் ஒரு தெம்பு அவளுக்கும் வந்திருந்தது.

பெயர்களைக் கூப்பிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் போய் நின்றார்கள். ஏழாவது பெயரைக் கூப்பிட்டதும் பின்னாலிருந்து அவள் எழுந்து வந்தாள். மருதாயி திரும்பிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க யாரு?" என்றார் மாஜிஸ்திரேட். நடுத்தர வயதுப் பெண்மணி. குரலில் கடுமை இல்லை.

"பேபிங்கம்மா. ஏழாவது எதிரி."

ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். "இதுல அம்சவேணின்னு இருக்கே."

"வீட்டுல பேபின்னு கூப்பிடுவாங்கம்மா. மறியல்ல நான்தாங்க மைக் பிடிச்சேன்."

போலீஸ் தரப்பில் வந்திருந்தவர் புதியவர். பேபியை அவர் பார்த்ததில்லை. மாஜிஸ்திரேட் அன்னக்கிளியைப் பார்த்தார். "இவங்கதான் பேபியா?"

அன்னக்கிளி அம்சவேணியை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்லீங்கம்மா. பேபி கறுப்பு. இவ்வளவு ஒசரமும் இல்ல."

அடுத்தவளும் இல்லை என்றாள். அதற்கடுத்தவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் இவள் இல்லை என்பது நிச்சயம். கடைசியாக மருதாயியின் முறை வந்தது. அவள் கைகூப்பினாள்.

"இது எம் மகதான் சாமி. அம்சவேணி. ஊட்டியில வேலை பாக்குது. பேபி வேற புள்ள. பொல்லாத புள்ள. அவதான் மைக்கைப் புடிச்சு எங்களையெல்லாம் ரோட்டுல உக்கார வெச்சா. கேரளாப் பக்கம் ஓடிட்டா. எம் மக எங்க மேல எரக்கப்பட்டுப் பழியை ஏத்துக்க வந்திருக்கு. அதை விட்டுருங்க சாமி."

"அம்மா, ஏம்மா..." என்றாள் அம்சவேணி.

மாஜிஸ்திரேட் மருதாயி சொன்னதைப் பதிவு செய்தார். அம்சவேணியிடம், இன்னொருவர் பெயரில் கோர்ட்டில் வந்து நிற்பதும் குற்றம்தான், படித்த பெண்ணாகத் தெரிவதால் எச்சரித்து அனுப்புகிறேன் என்றார். வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. சுயமாக வந்து சரணடைந்த குற்றவாளியைச் சாட்சி போதாது என்று அனுப்பி வைத்தாயிற்று.

வெளியே வந்ததும் பெண்கள் அவளிடம் நிற்காமல் பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்தார்கள். அவளோடு பேசுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். மருதாயி மட்டும் ஒரு நிமிடம் நின்றாள். "சாமின்னு கூப்பிட்டுப் பொய் சொல்லிட்டேன்," என்றாள். அப்புறம் அவளும் போய்விட்டாள்.

மறுநாள் மதியம் ஹெர்பர்ட் முழுக்கதையையும் கேட்டார். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

"ஆம்னு போடப் போறியா?"

"அதுதானுங்க சார் உண்மை."

"நேத்து காலைல வரைக்கும். இப்ப ஆம்னு போட்டா கேஸ் விவரம் கேப்பாங்க. குடுத்தா, பேப்பர்ல அப்படி ஒருத்தி இல்லையேம்பாங்க. நீதான் பேபின்னு நிரூபிச்சேன்னா, கோர்ட்டுல நின்னு இல்லைன்னு சொன்ன உங்கம்மா மேல கேஸ் வரும். மத்த பத்து பேர் மேலயும். அது மறியல் கேஸ் மாதிரி ஃபைனோட போகாது." கண்ணாடியைக் கழற்றினார். "உங்கம்மா கதவைச் சாத்திட்டாங்க, அம்சவேணி. நல்லா தாழ்ப்பாளும் போட்டுட்டாங்க."

அவள் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேர்மையானவர்கள் மட்டுமே சட்டம் படிக்க வர வேண்டும் என்பதற்காக வைத்த கேள்வி அது. அவள் 'இல்லை'யை அழுத்தினாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று பச்சையில் ஓர் அறிவிப்பு வந்து, அவளுக்கு வாழ்த்தும் சொன்னது. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். ஹெர்பர்ட் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தபின் அவள் கேட்டாள். "அவங்களை எப்படீங்க சார் விடுவிக்கிறது?"

"ஏழாவது எதிரியோட கேஸைத் தனியாப் பிரிச்சுடச் சொல்லி மனுப் போடலாம். மத்தவங்க ஒரே நாள்ல முடிச்சுட்டுப் போயிடுவாங்க. பேபி மேல வாரண்ட் நிக்கும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"பேபி கெடைக்கற வரைக்கும்."

"அப்பப் பிரிச்சுடலாங்க சார்."

வக்காலத்தில் லயத்துப் பெண்களிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும். அதற்கு முன் மனுவைத் தயார் செய்யலாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல அவள் டைப் செய்தாள். மனுதாரர்கள் அன்றாடக் கூலிகள். வாய்தா தவறாமல் ஆஜராகி வருகிறார்கள். ஏழாவது எதிரியை எவ்வளவு தேடியும் காணவில்லை.

"அடுத்த வரி," என்றார் ஹெர்பர்ட். "அப்படி ஒரு பெண் அந்தத் தோட்டத்தில் ஒருபோதும் வசித்ததே இல்லைன்னு போடு. சம்மன் கொண்டுவந்தவர்கிட்ட லயம் சொன்னதும் அதுதானே. கேஸுக்குப் பலமா இருக்கும்."

அவள் கைகள் நின்றன.

"ஊர்ல இல்லைன்னு போடறேங்க சார். எங்க போனான்னு தெரியலைன்னும் போடறேன். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லைன்னு மட்டும் வேண்டாங்க."

ஹெர்பர்ட் குனிந்து திரையில் அவள் நிறுத்திய இடத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, விட்டுடு," என்றார்.