பருந்து காய் நறுக்கினார்

என் அக்காவின் கணவரை வேலைத்தளத்தில் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேனின் உச்சியில் உள்ள கண்ணாடி அறைதான் அவர் இடம். கீழே நின்று கைச்சைகை காட்டுவது என் வேலை. தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பது போல இரும்பு உத்தரத்தை இறக்குவார். மாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாடு கயிற்றில் மேலே போகும். அங்கே கை கழுவ வசதியில்லை என்பதால் ரொட்டி, வாழைப்பழம், திராட்சை, ஒரு பாட்டில் ஜூஸ். சிறு வயதிலிருந்தே காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறவருக்கு இது நல்ல சாக்கு. அதுதான் இவ்வளவு பழம் சாப்பிடுகிறேனே, காய் எதற்கு என்பார். நாங்களும் தலையாட்டினோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழத்துக்கும் சேர்த்துத்தான் என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை எகிறியிருந்தது. அது இறங்கும்வரை கிரேன் ஏறக்கூடாது என்றார் டாக்டரம்மா.

"பழம் நல்லதுதான். ஆனா காயோட இடத்தையும் அதுக்கே குடுத்துட்டீங்களே. தட்டுல பாதி காய் இருக்கட்டும். பழத்தை ஜூஸாக்காம, அளவா கடிச்சுச் சாப்பிடுங்க."

மாமாவைக் கிடங்கில் உட்கார வைத்துக் கையுறை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். என் கையுறை கிழிந்தபோதும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவரை அப்படிப் பார்க்க எனக்கு மனசில்லை.

அக்கா விதவிதமாகச் சமைத்தாள். எல்லாம் தட்டின் ஓரத்துக்கே போயின. கடைசியில் கத்தியையும் பலகையையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, வேண்டியதை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று எழுந்துபோனாள்.

கிரேன் இல்லாமல் அவர் கைகள் சும்மா கிடந்தன. பீன்ஸை எடுத்து, அளந்து வைத்தாற்போல ஒரே நீளத்தில் நறுக்கினார். அரைவேக்காட்டில் இறக்கி ஒன்றை மென்று பார்த்தார். குழைந்த காய்தான் தனக்கு ஆகாது, காயே ஆகாது என்றில்லை என்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது. தன் கையால் நறுக்கியதை ஒதுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதன்பின் வீட்டில் கத்தி அக்காவின் கைக்குத் திரும்பவே இல்லை.

மாத்திரையும் விடாமல் போட்டார். சில மாதங்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஏறலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள், தளமே வேலையை நிறுத்திவிட்டு அவர் ஏணி ஏறுவதை அண்ணாந்து பார்த்தது.

மதியம் கயிறு இறங்கியது. கட்டுவதற்கு முன் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ரொட்டியோடு பீன்ஸ், கேரட், வெள்ளரி, ஓரத்தில் ஒரு சின்னக் கொய்யா. வாக்கிடாக்கி கரகரத்தது.

"மாப்ள, டப்பாவைத் தொறந்தியா?"

பருந்துக் கண்ணிலிருந்து எது தப்பும்? பார்த்தேன் என்றேன்.

"எப்படி வெட்டியிருக்கேன்?"

பெருமையோடு டப்பாவை மூடிக் கயிற்றில் கட்டினேன். கையை உயர்த்தி, தூக்கலாம் என்று சைகை காட்டினேன். கயிறு மெல்ல ஏறியது. டப்பா துளிகூட ஆடவில்லை.