மாமாவின் கட்சிக்கு வந்த சனம்

கொடிகாமத்தில் எங்கள் வீட்டு மதிலில் கொழும்புக் கட்சி ஒன்றின் கிளைப் பெயர்ப்பலகை தொங்கியது. கிளைக்குத் தலைவர் அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா. செயலாளரும் அவரேதான். எங்கள் தொகுதியில் அந்தக் கட்சி நின்ற தேர்தல்களில் எல்லாம் கட்டுக்காசை இழந்திருந்தது. மாமா அதற்காக வெட்கப்பட்டதில்லை. "கட்டுக்காசைத் திருப்பிக் கேட்டு அரசாங்கத்துக்கு ஒருக்காலும் கரைச்சல் குடுக்காத கட்சி எங்கடை கட்சி" என்பார்.

மாமா முன்பு மாத்தறையில் பேக்கரி வைத்திருந்தவர். ஒரு கலவரத்தில் பேக்கரி எரிந்தபோது, அந்தக் கட்சியைச் சேர்ந்த சிங்களவர் ஒருவர் மாமாவைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றி ரயிலேற்றி விட்டார். ஊருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கிய மாமா முதல் வேலையாகக் கிளையைத் தொடங்கினார். அப்பாவோ தமிழ்க் கட்சி. ஊரும் அப்பாவின் பக்கம். சாப்பிடும்போது மச்சான்மார் இருவரும் அரசியலைத் தொட்டால், அம்மா சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு பொங்கல் கழிந்த கையோடு, மாமாவைக் காப்பாற்றிய அந்த மனிதரே கிளையைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. மாமா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். கிளை ஆலமரம்போல வளர்ந்துவிட்டதாக அவரிடம் அளந்துவைத்திருந்தாராம்.

"கிளையிலை நானும் பலகையும்தானே இருக்கிறம். அந்த மனிசன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" என்று அம்மாவிடம் புலம்பினார்.

கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

விருந்தாளி வந்த அன்று பள்ளிக்கூட வளவில் நிற்க இடமில்லை. அப்பாவின் கட்சிக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மாலை போட்டது நான். விருந்தாளி சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். மாமா அதைத் தமிழில் சொன்னார்: "எல்லாருக்கும் வணக்கமாம். சுகமோ எண்டு கேக்கிறார்." அப்பாதான் முதலில் கைதட்டினார். உடனே வளவு அதிர்ந்தது. பழக்கதோஷத்தில் ஒருவர் தமிழ்க் கட்சிக்கு வாழ்த்துச் சொல்ல வாயெடுக்க, அப்பா அவருடைய தொடையில் கிள்ளினார்.

விருந்தாளி மாமாவைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்கினார். இவ்வளவு சனம் இருக்கும்போது சும்மா இருக்கலாமா, வரப்போகும் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் நீயே தலைவர் பதவிக்கு நில் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். அவர் சொன்னால் மாமாவால் மறுக்க முடியாது. நின்றார்.

சங்கக் கூட்டத்தில் கையை உயர்த்தித்தான் வாக்கு. அம்மாவோடு நானும் போயிருந்தேன். மாமாவின் பெயரைச் சொன்னதும் அம்மாவின் கை உயர்ந்தது. மாமாவின் கையும் உயர்ந்தது. நானும் உயர்த்தினேன். "பிள்ளை, நீ அங்கத்தவர் இல்லை, கையை இறக்கு" என்றார்கள். மற்ற எவருக்கும் கை இருப்பதாகவே தெரியவில்லை. அடுத்து, மாமாவை எதிர்த்து நின்ற அப்பாவின் கட்சிக்காரரின் பெயரைச் சொன்னார்கள். மண்டபம் முழுக்கக் கைகள். நிலத்தைப் பார்த்தபடி அப்பாவும் ஒரு கையை உயர்த்தியிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கில் ஏறி நின்று, "அண்டைக்கு எல்லாரும் கை தட்டினியள்தானே!" என்று கத்தினேன்.

மண்டபம் சிரித்தது. மாமாதான் எல்லாரிலும் பலமாகச் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

பின்னேரம் வென்றவர்கள் வெடி கொளுத்திக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் வந்தார்கள். எங்கள் படலையை நெருங்கியதும் அவர்களோடு வந்த அப்பா கையைக் காட்ட, வெடிச் சத்தம் நின்றது. செத்தவீட்டைக் கடப்பதுபோல எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். மாமா படலையைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தார்.

"ஏன் மச்சான் நிப்பாட்டினனி? என்ரை வாசலிலை வெடி கொளுத்தப்படாதோ?"

அப்பாவின் கையிலிருந்த சரவெடியைப் பறித்துத் தானே கொளுத்தினார். புகைக்குள் இருவரும் இருமினார்கள், சிரித்தார்கள், தோளில் கைபோட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"இப்ப ஆரம்மா வெண்டது?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடு" என்றார் அம்மா.

நான் மாமாவுக்கு மட்டும் கொண்டுபோனேன். கை தட்டி ஏமாற்றியவருக்கு என் கையால் தேநீர் கிடையாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு தன் தேநீரில் பாதியை மூக்குப்பேணி ஒன்றில் ஊற்றி அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கிக் குடித்தார்.

மாமாவும் கட்சி மாறிவிட்டாரோ என்ற சந்தேகத்தோடு நான் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.