புண்ணியத்துக்கு வந்த முட்டைக்கோஸ்

மேடையில் யாராவது தர்மம் என்று வாயைத் திறந்தால் எனக்கு ஆகாது. கோயில் மேடையோ கல்யாண மேடையோ, எழுந்து வெளியே போய்விடுவேன். மரியாதை தெரியாதவன் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எந்தெந்த வாய் என்னென்ன செய்தது என்று பார்த்தவன் நான்.

மலாய் நாட்டுக் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. கொழுந்து மூட்டை தூக்கினேன். காய்கறி லாரியில் கிளீனராக ஏறினேன். பிறகு அதே லாரியை வாங்கினேன். யாரும் கைதூக்கி விடவில்லை. எழுபதுகளின் நடுவில் திரிங்காப் விவசாயிகள் சரக்கு இறக்க என் லாரியைத்தான் தேடுவார்கள். மலையடிவாரத் தாப்பா வரைக்கும் அத்தனை வளைவிலும் ஒரு தக்காளி நசுங்காமல் கொண்டு போவேன். துரை பங்களாவில் விருந்து என்றால் பூக்கோசு என்னிடம்தான் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இத்தனை வந்தும் ஒரு குறை இருந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதான உபயம் எப்போதும் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிமார்களுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும்தான் போகும். என் அப்பா அந்தப் பந்தியில் எச்சில் இலை எடுத்தவர். அதே பந்தியை ஒரு நாள் என் செலவில் போட்டு, லயத்து ஜனங்கள் என் கையால் சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஒரு சித்திரையில் கிடைத்தது. கோயில் வாசல் பலகையில் என் பெயரைச் சுண்ணாம்புக் கட்டியில் எழுதினார்கள். இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

கோயில் தலைவர் தோட்டத்துப் பெரிய கிராணி. திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"காய்கறி பத்தி நீ கவலைப்படாதப்பா. திரிங்காப்ல கெபுன் வச்சிருக்காரே நம்ம ஆளு, அவரு கோஸ் முழுக்கத் தர்மமா தர்றேன்னுட்டாரு. நீ லாரிய மட்டும் கொண்டு போ."

கெபுன் என்றால் காய்கறித் தோட்டம். அந்தக் கெபுன்காரரை எல்லாருக்கும் தெரியும். மலைமேல் எந்தக் கோயிலுக்குப் போனாலும் சுவர்ச் சலவைக்கல்லில் அவர் பெயர் இருக்கும். நான் போனபோது ஆட்கள் கோஸ் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இலையெல்லாம் மருந்து வாடை. பூச்சிமருந்தை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம், ஏதோ நோய் தீர்க்கிற சாமான் போல.

"எப்ப அடிச்சீங்கண்ணே?"

"நேத்து சாயங்காலம்தான் தம்பி. புழு விழுந்துடுச்சு, கனமா அடிச்சேன். இன்னிக்கு மொத்த வியாபாரி வெல இல்ல, வேணாம்னுட்டான். சரி, அம்மனுக்காச்சும் போவட்டும்."

"நேத்து அடிச்சத இன்னிக்கு வெட்டலாமா?"

"கழுவுனா போயிடும்லா. தர்மம் தலை காக்கும் தம்பி."

"யாரு தலைய? குடுக்குறவன் தலையா, திங்கிறவன் தலையா?"

"ஒனக்கு வாய் நீளம்," என்று சிரித்தார்.

நானும் மருந்தடித்த சரக்கை ஏற்றிப் பிழைத்தவன்தான், மறைக்கவில்லை. ஆனால் மருந்து காய்ந்து நாளாகாமல் வெட்டினால் என் லாரியில் ஏற்ற மாட்டேன். சந்தைக்கு அது தெரியும், திருப்பி அனுப்பிவிடும். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவனுக்கு அது கிடையாது.

அந்த நேரம் பார்த்து அவருடைய சம்சாரம் அடுப்படிக்குப் பின்னால் ஒரு சின்னப் பாத்தியில் கோஸ் வெட்டிக்கொண்டிருந்தது. இலையெல்லாம் புழு தின்ற ஓட்டை. மலைமேல் அனேகமாக எல்லாக் கெபுனிலும் அப்படி ஒரு வீட்டுப் பாத்தி இருக்கும். அதில் மருந்து அடிக்க மாட்டார்கள். அது அவர்கள் பிள்ளைகளுக்கு.

"அக்கா வெட்டுறாங்களே, அந்தப் பாத்தியிலேருந்து குடுங்களேன்," என்றேன்.

"அது வீட்டுக்குப்பா," என்றார். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோயில் கமிட்டிக்காரர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் ஏற்றினேன். கோயில் கொட்டகையில் இறக்கியதும் லயத்துப் பெண்கள் நறுக்க உட்கார்ந்தார்கள். மேல் இலையை உரிக்க உரிக்க மடிப்புக்குள் வெள்ளையாகப் பொடி. கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டது.

"அண்ணே, இது கோஸா, மூட்டப்பூச்சி மருந்தா? கை நமநமங்குது."

ஒரு கோஸை எடுத்துக்கொண்டு பெரிய கிராணியிடம் போனேன். பக்கத்தில் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். டவுனிலிருந்து மாற்றலாகி வந்தவர். மறுநாள் தர்மத்தைப் பற்றிப் பேச அவரைத்தான் அழைத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமாப்பா?" என்றார் கிராணி.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "தர்மம்னா தாங்குறதுன்னு அர்த்தம்ங்க. உலகத்தையே தாங்குறது. அவங்கவங்க எடத்துக்கு ஏத்த மாதிரி ஒரு தர்மம் இருக்கு. குடுக்குறவருக்குக் குடுக்குறது. சமைக்கிறவங்களுக்குச் சமைக்கிறது. பலன் என்னாவும்னு பாக்கக்கூடாது."

"திங்கிறவனுக்கு என்னா சார் தர்மம்?"

"கொற சொல்லாம ஏத்துக்குறதுங்க."

"வயித்தால போனா அது யாரு தர்மம் சார்?" என்று அந்த அம்மா அங்கிருந்தே கேட்டது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கிராணிக்கு முகம் சிவந்துவிட்டது. "லயத்து ஜனங்க வயிறு கல்லையும் செரிக்கும். கோஸ் பொரியல் நாளைக்குப் பந்திக்கு வரணும். முடியாதுன்னா சொல்லு, ஒன் பேர அழிச்சிட்டு வேற ஆளப் போடுறேன்."

"ஐயா நாளைக்குச் சாப்பிட வருவீங்கள்ல?"

"நமக்கு விரதம்ப்பா," என்றார்.

காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. கோயிலாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன். சரி ஐயா என்று சொல்லிவிட்டு லாரியை மறுபடி திரிங்காப்புக்கு விட்டேன்.

அங்கே எனக்குப் பழக்கமான ஒரு சீனப் பெரியவர் இருந்தார். பிரிஞ்சாங் புத்தர் கோயிலுக்குப் போகிறவர். அமாவாசை பௌர்ணமிக்கு மரக்கறிதான். அவர் வேலியோரப் பந்தலில் சௌசௌ மருந்து மாயம் இல்லாமல் காய்த்துத் தொங்கும். எங்களுக்குள் சந்தை மலாய்தான் பேச்சு. நடந்ததைச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை.

"நானும்தான் அடிக்கிறேன்," என்றார். "புழு சாவுது. புழுவுக்கும் உயிர்தானே."

"அப்ப ஒங்க சாமி தர்மம்னு என்னா சொல்லுது?"

"எங்க பிக்கு சொல்வாரு, தர்மா யாரும் யாருக்கும் குடுக்குற சாமான் இல்ல. அடுப்புல கைய வச்சா சுடும். அதான் தர்மா. அடுப்புகிட்ட கெஞ்ச முடியாதுலா. நான் கொன்னது என்கிட்டதான் வரும். பூ வாங்கிப் போட்டா கழிஞ்சிடும்னு நான் நெனைக்கல."

"அப்ப நிறுத்திட வேண்டியதுதானே?"

"பிள்ளைங்க சாப்பிடணும்லா," என்று சொல்லிவிட்டுப் பந்தலைப் பார்த்தார்.

உடனே புத்தர் கோயில்காரர்கள் எல்லாம் சுத்தம், நாம்தான் அழுக்கு என்று சொல்ல வரவில்லை. புத்தர் பிறந்த வெசாக் திருநாள் நெருங்கினால் குச்சியில் பிசின் தடவிக் குருவி பிடித்துக் கூண்டில் அடைத்து விற்பார்கள். பக்தர்கள் காசு கொடுத்து வாங்கி, பறக்கவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வார்கள். கூண்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும் குருவிகளை நான் பார்த்திருக்கிறேன், நாறும். அதையும் அவரிடம் சொன்னேன். "அதுவும் வரும்," என்றார். தன் குற்றத்துக்கு அவர் மாலை போட்டு மறைக்கவில்லை, அந்த மட்டில் எனக்கு அவரைப் பிடித்தது. சௌசௌவை முழு விலைக்கே கொடுத்தார். மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு வந்தேன்.

விடிகாலையில் கிராணி வருவதற்கு முன்பே என் ஆட்களை வைத்துக் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி அத்தனை கோஸையும் புதைத்தேன். ஒன்றே ஒன்றை மட்டும் கழுவிப் பொரியல் செய்யச் சொன்னேன்.

"ஒரு கோஸ் எத்தன பேருக்குக் காணும்?" என்றார் சமையல்காரர்.

"ஒரு எலைக்குப் போதும்," என்றேன்.

மத்தியானம் கெபுன்காரருக்கு மாலை போட்டார்கள். வாத்தியார் தாங்குவது, தாங்குவது என்று நெடுநேரம் பேசினார். பிறகு பந்தி. முதல் வரிசையில் கெபுன்காரர், ஒரு பக்கம் வாத்தியார், மறுபக்கம் சம்சாரமும் பிள்ளைகளும். சாம்பார் வாளியோடு நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். கெபுன்காரரின் சம்சாரம் பிள்ளைகள் பக்கம் குனிந்து சொன்னதைக் கேட்டேன்.

"கோஸ் வச்சாங்கன்னா ஓரமா ஒதுக்கிடுங்க. தொடக்கூடாது."

அதுவரைக்கும் மனதில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அந்த நிமிஷம் போய்விட்டது. எல்லா இலைக்கும் சௌசௌ கூட்டு போகச் சொன்னேன், அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. கோஸ் பொரியலை என் கையால் கெபுன்காரர் இலையில் மட்டும் வைத்தேன், தாராளமாக.

அவர் பக்கத்து இலையைப் பார்த்தார், எதிர் இலையைப் பார்த்தார். "என்னா தம்பி, எல்லாருக்கும் வேற வச்சிருக்க?"

"ஒங்க கோஸ்ண்ணே. நேத்து நீங்க வெட்டிக் குடுத்தது. புண்ணியம் பண்ணவருதான் மொதல்ல சாப்பிடணும்."

தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த அந்தக் கொழுந்து பறிக்கிற அம்மா அவர் முன்னால் நின்றது.

"கழுவுனது நான்தாங்கய்யா. பயப்படாம சாப்புடுங்க."

அவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். கெபுன்காரர் சோற்றை மட்டும் இரண்டு வாய் எடுத்தார், விரல் பொரியல் பக்கம் போகவே இல்லை. எத்தனையோ பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கோஸ் அப்படியே உள்ளே இருக்க இலையை மடித்துவிட்டு, கழுத்து மாலையோடு எழுந்து போனார். பிள்ளைகள் பாயசத்துக்காக உட்கார்ந்தே இருந்தன.

கை கழுவுகிற இடத்தில் கிராணி என்னைப் பிடித்தார். "கோயிலுக்குக் குடுத்தவர அவமானப்படுத்திட்ட. இனிமே ஒனக்கு உபயம் கெடையாது."

"வேணாம் ஐயா," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே கூட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் பலகையில் என் பெயரை அழித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் உபயம் ஒரு காண்ட்ராக்டருக்குப் போனது. கோஸ் அதே கெபுனிலிருந்துதான் வந்ததாம். எப்போது மருந்து அடித்தது, எப்போது வெட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லையாம். என் வீட்டிலிருந்து யாரையும் அந்தப் பந்திக்கு நான் அனுப்பவில்லை. லயத்து ஜனங்கள் சாப்பிட்டார்கள்.